எல்லைக் காலர் போட்டு நாயை முற்றத்துக்குள் பழக்குவது எப்படி

எல்லைக் காலர் என்பது நாய் முற்றத்தின் எல்லையை நெருங்கினால் பீப் அடித்து, மேலும் போனால் ஷாக் கொடுக்கும் கழுத்துப் பட்டை. பெட்டியைப் பிரித்து, ஒயரைப் புதைத்து, காலரை மாட்டிவிட்டால் நாய் உள்ளேயே நிற்கும் என்று நம்பி இதை வாங்குகிறவர்கள்தான் அதிகம். நடப்பது வேறு. முதல் நாளே நாய் வீல் என்று கத்திக்கொண்டு எல்லையைத் தாண்டி ஓடும். அப்புறம் உள்ளே வரப் பயந்து வெளியிலேயே நின்றுகொண்டிருக்கும். கருவியில் ஒரு கோளாறும் இருக்காது. பீப் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நாய்க்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லித் தருவதுதான் வேலையில் பெரும்பங்கு. ஒயர் பதிப்பது ஒரு நாள் வேலை. பழக்குவது ஒரு மாத வேலை.

கருவி எப்படி வேலை செய்கிறது

மூன்று பகுதிகள். வீட்டுக்குள் சுவரில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து கிளம்பி முற்றத்தைச் சுற்றி வந்து மறுபடி அதிலேயே சேரும் ஒயர் வளையம், நாயின் கழுத்தில் மாட்டும் ரிசீவர் காலர். டிரான்ஸ்மிட்டர் அந்த ஒயரில் பலவீனமான ரேடியோ சிக்னல் ஒன்றை ஓட விடுகிறது. ஒயரால் நாய்க்கு ஷாக் அடிப்பதில்லை. காலர் சிக்னலைப் பிடித்ததும் முதலில் பீப் அடிக்கும். நாய் இன்னும் நெருங்கினால் காலரிலுள்ள பேட்டரியிலிருந்து இரண்டு உலோக முனைகள் வழியாகத் தோலில் ஒரு சுரீர். அமெரிக்காவில் இந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது 1973-ல். அடிப்படை இன்றும் அதேதான்.

சிக்னல் ஒயருக்கு இரண்டு பக்கமும் பரவும் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு இதுதான் காரணம்.

ஒயரே இல்லாத வகைகளும் உண்டு. ஒன்று, வீட்டு நடுவில் வைக்கும் பெட்டியிலிருந்து வட்டமாகச் சிக்னல் பரப்புவது. உலோகக் கூரை, நிற்கும் வாகனம், மேடு பள்ளம் எல்லாம் அந்த வட்டத்தை நெளித்துவிடும்; எல்லை இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் இருக்கும். இன்னொன்று ஜிபிஎஸ் காலர். திறந்த வெளியில்கூட அதன் கணிப்பு சில மீட்டர் முன்பின் நகரும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் இன்னும் மோசம். பெரிய தோட்டத்துக்குச் சரி, சின்ன முற்றத்துக்கு வேண்டாம். நாய்க்கு எல்லை என்பது நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டும். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஒயர் முறைக்கு. பயிற்சிப் பகுதி மட்டும் மூன்றுக்கும் பொருந்தும்.

எந்த நாய்க்கு வேண்டாம்

ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஷாக் கூடாது. இதய நோய் உள்ள நாய், சினையாக உள்ள நாய், கழுத்தில் புண் உள்ள நாய் ஆகியவற்றுக்கும் கூடாது. இடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் ஒளியும் பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இது சித்திரவதை. ஆட்களைப் பார்த்து உறுமும், பாயும் நாய்க்கு ஆபத்து: எல்லைக்கு வெளியே ஒருவர் நடந்து போகும் அதே கணத்தில் ஷாக் அடித்தால், அந்த ஆளால்தான் வலித்தது என்று நாய் முடிவுகட்டும். அதற்குப் பின் அது எல்லைக்கு அஞ்சாது, ஆட்களை வெறுக்கும்.

எல்லா நாடுகளும் இதை அனுமதிப்பதில்லை. வேல்ஸில் 2010 முதல் ஷாக் அடிக்கும் காலர்களுக்குத் தடை. எல்லைக் காலரும் அதில் அடக்கம். வாங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். விலங்கு நடத்தையில் தேர்ந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம், பரிசு கொடுத்துப் பழக்கும் முறையை மட்டுமே 2021-ல் பரிந்துரைத்தது. உயரமான வேலி போட இடமும் வசதியும் இருந்தால் அதுதான் மேல். வேலி முடியாத இடத்துக்குத்தான் காலர். அப்போதும் பீப் சத்தத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். கீழே வரும் முதல் கட்டத்தை இரண்டு மடங்கு நாள் செய்தால் சாதுவான பல நாய்களுக்கு அதுவே போதும்.

இன்னொன்று: இந்த எல்லை உங்கள் நாயை மட்டும்தான் தடுக்கும். வெளியிலிருந்து வரும் தெருநாய்க்கோ, குழந்தைக்கோ, திருடனுக்கோ அங்கே எதுவும் இல்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது நாயை இந்த நம்பிக்கையில் வெளியே விடாதீர்கள்.

ஒயர் எவ்வளவு, எப்படி

முதலில் காகிதத்தில் முற்றத்தை வரையுங்கள். ரோட்டோரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் உள்ளே ஒயர் வர வேண்டும். ஏனென்றால் நாய் ஒயர் மேலேயே போய் நிற்கும் சந்தர்ப்பம் வந்தாலும் அது ரோட்டில் நிற்கக் கூடாது. மூலைகளைச் செங்கோணமாக மடிக்காமல் ஒரு மீட்டர் ஆரத்துக்கு வளைத்து விடுங்கள். கூர்மையான மூலையில் சிக்னல் மெலிந்து ஓட்டை விழும், நாய்கள் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும்.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து முற்றத்து எல்லை வரை போகும் ஒயர்த் துண்டில் சிக்னல் இருக்கக் கூடாது. இருந்தால் வாசற்படியில் கால் வைத்ததுமே காலர் கத்தும். இதற்கு வழி, போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் சேர்த்து முறுக்குவது. இரண்டிலும் சிக்னல் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். அடிக்கு 10 முதல் 12 முறுக்கு வேண்டும். கையால் முறுக்கினால் விரல் தேயும், முறுக்கும் சீராக வராது. இரண்டு ஒயரின் ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் கட்டி, மறுமுனையை டிரில் மெஷினின் வாயில் பிடிக்க வைத்து மெதுவாகச் சுற்றினால் பத்து மீட்டர் ஐந்து நிமிடத்தில் முடியும்.

கணக்கு இப்படி: 30 மீட்டருக்கு 20 மீட்டர் முற்றம் என்றால் சுற்றளவு 100 மீட்டர். வீட்டிலிருந்து எல்லைக்கு 10 மீட்டர். இரட்டை ஒயர், முறுக்கில் சுருங்குவது எல்லாம் சேர்த்து 25 மீட்டர். மரத்தைச் சுற்ற, மூலையை வளைக்க இன்னும் 10. ஆக 135, 150 மீட்டர் சுருளாக வாங்குங்கள். பெட்டியோடு வரும் ஒயர் பெரும்பாலும் 20 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்), மெல்லியது, கொத்துபட்டால் அறும். மண்ணில் நேரடியாகப் புதைக்கக்கூடிய கெட்டியான இன்சுலேஷன் உள்ள 16 கேஜ் ஒயருக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண்போகாது.

முற்றத்தின் ஒரு பக்கம் வீடே எல்லை, மூன்று பக்கம் மட்டும் போதும் என்றாலும் வளையம் முழுமையாக மூட வேண்டும். போன வழியிலேயே ஒயரைத் திருப்பிக் கொண்டுவரலாம், ஆனால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது 1.5 மீட்டர் விடுங்கள். நெருங்கினால் முறுக்கிய ஒயரின் கதைதான்: சிக்னல் செத்துவிடும். மின்சாரம், டெலிபோன், கேபிள் ஒயர்கள் மண்ணுக்கடியில் ஓடினால் அவற்றைச் செங்குத்தாகக் கடந்து போங்கள். பக்கத்திலேயே இணையாக ஓடினால் சிக்னல் அதில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குள் சோபா பக்கத்தில் காலரை அலற வைக்கும்.

ஒயரைப் பதிக்கும் முன் தரைமேல் சும்மா பரப்பி, டிரான்ஸ்மிட்டரை ஓட்டி, முழு எல்லையையும் சோதித்துவிடுங்கள். புதைத்த பிறகு இடம் மாற்றுவது முதுகை ஒடிக்கும் வேலை. ஆழம் 3 முதல் 7 சென்டிமீட்டர் போதும். சிக்னலுக்காகப் புதைப்பதில்லை, புல்வெட்டியிலிருந்தும் காலில் தடுக்காமலும் காக்கத்தான். தட்டையான மண்வெட்டியை மண்ணில் நேராகக் குத்தி முன்னும் பின்னும் அசைத்தால் ஒரு கீறல் விழும். அதில் ஒயரை இறக்கி, மேலே காலால் மிதித்துவிட்டால் போதும். ஒயரை இழுத்து விறைப்பாகப் போடாதீர்கள். வெயிலிலும் குளிரிலும் மண் சுருங்கி விரியும்போது தளர்வாக இருக்கும் ஒயர் பிழைக்கும். சிமெண்ட் தரை குறுக்கே வந்தால் ஏற்கனவே உள்ள இடைவெளிக் கோட்டில் ஒயரை அழுத்திச் சீலன்ட் பூசலாம். கோடு இல்லையென்றால் கல் அறுக்கும் பிளேடால் ஓர் அங்குல ஆழத்துக்கு அறுத்துக்கொள்ள வேண்டும். ஜல்லிப் பாதை என்றால் ஒயரைப் பழைய தோட்டக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள்.

ஜாயிண்ட் இருக்கும் இடம்தான் பின்னாளில் அறும் இடம். முடிந்தவரை ஒரே ஒயராக ஓட்டுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், இரண்டு ஒயரையும் முதலில் ஒரு தளர்வான முடிச்சுப் போட்டு, அதற்கப்புறம் முனைகளைச் சீவி முறுக்கி, ஜெல் நிரப்பிய வாட்டர்புரூப் மூடிக்குள் செருகுங்கள். இழுப்பை முடிச்சு தாங்கும், ஜாயிண்ட் தாங்காது. வெறும் கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒரு மழைக்காலம் தாண்டாது. எந்த இடத்தில் ஜாயிண்ட் போட்டீர்கள் என்று படத்தில் குறித்து வையுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் நனையாத இடத்தில், மெயின் போர்டிலிருந்தும் பெரிய உலோகச் சாமான்களிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நீளமான ஒயரை மண்ணில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். இடி மின்னல் பக்கத்தில் இறங்கினால் அது நேரே கருவிக்கு வரும். மின்னல் பாதுகாப்புப் பெட்டி ஒன்று இடையில் மாட்டுங்கள், இல்லையென்றால் இடி மழை நெருங்கும் முன்பே பிளக்கோடு வளைய ஒயரையும் கழற்றிவிடுங்கள். அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் டிரான்ஸ்மிட்டருக்குப் பேக்கப் பேட்டரி கட்டாயம். மின்சாரம் போனால் எல்லையும் போய்விடும்.

எல்லையின் அகலம்

நாய் ஓட்டமெடுத்தால் மணிக்கு 36 கிலோமீட்டர் சாதாரணம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். உங்கள் சிக்னல் அகலம் ஒயரின் இரண்டு பக்கமும் சேர்த்தே 2 மீட்டர்தான் என்றால் நாய் அதை 0.2 நொடியில் கடந்துவிடும். காலர் பீப் அடித்து முடிப்பதற்குள் நாய் வெளியே. அகலத்தைக் குறைத்து முற்றத்தைப் பெரிதாகக் காட்ட ஆசைப்படுபவர்களின் நாய்கள்தான் அடிக்கடி ஓடுகின்றன. இடம் அனுமதிக்கும் அளவுக்கு அகலம் வையுங்கள். ஒயருக்கு உள்பக்கம் 2 மீட்டராவது இருக்கட்டும்.

சோதிக்கும்போது காலரைக் கையில் இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். நாயின் கழுத்து எந்த உயரமோ அந்த உயரம் வரை குனிந்து, உள்ளிருந்து ஒயரை நோக்கி மெல்லப் போக வேண்டும். பெட்டியில் வரும் சின்ன சோதனை விளக்கை இரண்டு முனைகளிலும் வைத்தால், ஷாக் வரும் இடத்தில் விளக்கு மினுக்கும். நான்கு பக்கமும், எல்லா மூலைகளிலும் இப்படிப் பார்த்து, பீப் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு 2.5 மீட்டருக்கும் ஒரு சின்னக் கொடி நடுங்கள். கொடி ஒயர்மேல் இல்லை, பீப் தொடங்கும் இடத்தில். பலர் தவறுவது இங்கேதான்.

காலர் மாட்டுவது

நாய் நின்றுகொண்டிருக்கும்போது மாட்டுங்கள். கழுத்தின் மேல்பகுதி, தொண்டைக்கு நேராக. விரலால் ரோமத்தை இரண்டு பக்கமும் வகிர்ந்துவிட்டு, இரண்டு முனைகளும் தோலைத் தொடுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு பட்டையை இறுக்கி, ஒரு முனைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரலை நுழையுங்கள். ஒரு விரல் இறுக்கமாக நுழைந்தால் சரி. தாராளமாக நுழைந்தால் தளர்வு. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். புதுக் காலர் மாட்டும்போது நாய் கழுத்தைப் புடைத்து வைத்துக்கொள்ளும், பின் தளர்த்தும். ஹஸ்கி போல அடர்ந்த உள்ரோமம் உள்ள நாய்க்கு நீளமான முனைகளைத் திருகிப் போடுங்கள். ரோமத்தை மழிக்காதீர்கள், புதிதாய் முளைக்கும் முள்முடி குத்திப் புண்ணாகும். கத்தரியால் கொஞ்சம் குறைத்தால் போதும்.

தளர்ந்த காலர் வேலை செய்யாது என்பது மட்டுமில்லை, காயமும் பண்ணும். முனை அங்குமிங்கும் உராயும். மறுபக்கம், சரியாக மாட்டியதையே நாள் முழுக்க விட்டால் அழுத்தத்தில் தோல் செத்து இரண்டு வட்டச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். ஷாக்கில் சுட்டுவிட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்த அழுத்தப் புண்தான். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் காலர் வேண்டாம், இடையிலும் ஒன்றிரண்டு மணிக்கொரு முறை இடம் மாற்றுங்கள், இரவில் கழற்றுங்கள், வாரம் ஒருமுறை கழுத்தையும் முனைகளையும் ஈரத் துணியால் துடையுங்கள். சிவப்பைப் பார்த்தால் ஆறும்வரை காலரே கிடையாது.

இந்தக் காலரில் கயிற்றைக் கட்டி இழுக்கவே கூடாது. முனைகள் தொண்டையில் குத்தும். கயிற்றுக்கு உலோகம் இல்லாத இன்னொரு பட்டையோ உடல்வாரோ போடுங்கள்.

பயிற்சி தொடங்குமுன் ஒரு வாரம் காலரை அணைத்து வைத்து, தினமும் சில மணி நேரம் மாட்டிக் கழற்றுங்கள். மாட்டிய உடனே ஷாக் வந்த நாய், காலர் இருந்தால் ஒழுங்காகவும் இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கும் இருக்கக் கற்றுக்கொள்ளும்.

முதல் கட்டம்: பீப் என்றால் திரும்பு

ஒன்றாம் நாளிலிருந்து குறைந்தது ஐந்தாம் நாள் வரை. ஷாக்கை அணைத்து பீப் மட்டும் வையுங்கள். அந்த வசதி இல்லாத காலரில் முனைகளை ரப்பர் உறையாலோ பல சுற்று டேப்பாலோ மூடுங்கள். 3 மீட்டர் கயிறு, பையில் நாய்க்கு உயிரான தீனி. வழக்கமான உணவு உருண்டை போதாது. கண்ணை விரியவைக்கும் ஏதாவது, பயறளவுத் துண்டுகளாக.

நாயோடு கொடிகளை நோக்கிச் சும்மா நடங்கள். நீங்கள் இழுக்கக் கூடாது, நாயாகவே போகட்டும். பீப் கேட்டதும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், உற்சாகமாக "வா வா" என்று கூப்பிட்டபடி நான்கைந்து அடி பின்னோக்கி ஓடுங்கள். கயிறு லேசாக நாயைத் திருப்பும். அது உங்களிடம் வந்து சேர்ந்ததும் தீனி, ஒன்றல்ல, மூன்று நான்கு துண்டு ஒவ்வொன்றாக. இவ்வளவுதான் பாடம். குரலில் பயமுறுத்தல் இருக்கக் கூடாது. "ஐயோ, கூடாது" என்று கத்தினால் கொடி பயங்கரமானது என்று நாய் கற்கும். நாம் கற்றுத் தருவது அதல்ல. பீப் கேட்டால் வீட்டுப் பக்கம் லாபம் இருக்கிறது என்பதுதான்.

ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. முதல் நாள் ஒரே பக்கம், மறுநாள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு தடவையும் முற்றத்தின் நடுவில் விளையாடி முடியுங்கள். நாய் ஓரிடத்தில் கற்றதைத் தானாக வேறிடத்துக்கு எடுத்துப்போகாது. வாசல் பக்கம் கெட்டிக்காரனாக இருப்பது கொல்லைப் பக்கம் ஒன்றும் தெரியாதது போல நிற்கும். அதனால் நான்கு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்த கட்டத்துக்குப் போகும் நாளை நாட்காட்டியில் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் பத்துக்கு எட்டு முறை, கயிறு தளர்வாக இருக்கும்போதே, பீப் கேட்டதும் தலையைத் திருப்பி உங்களைத் தேடினால் தயார். ஐந்து நாளில் வரும், பத்து நாளும் ஆகலாம். இந்தக் கட்டத்தில் மிச்சம்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாம் கட்டம்: குறைந்த ஷாக்

உறையைக் கழற்றி, மிகக் குறைந்த அளவில் வையுங்கள். அதே கயிறு, அதே நடை. ஆனால் இப்போது பீப் கேட்டதும் உடனே கூப்பிடாதீர்கள்; நாய்க்கு ஒரு நொடி கொடுங்கள். தானாகத் திரும்பினால் பெரிய பரிசு, அன்றைக்குப் பயிற்சி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். திரும்பாமல் மேலே போனால் ஷாக் விழும். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து உடனே உள்ளே கொண்டுவந்து பாராட்டுங்கள்.

சரியான அளவு எது? காது துடிக்கும், தலையைச் சாய்க்கும், தரையைக் குனிந்து பார்க்கும், பூச்சி கடித்ததுபோலக் கழுத்தைச் சொறிய முனையும். அவ்வளவு போதும். கத்தினாலோ, வாலை ஒடுக்கினாலோ, பம்மினாலோ அளவு அதிகம், உடனே குறையுங்கள். ஒன்றுமே தெரியாததுபோல நின்றால் ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். அதற்குமுன் முனைகள் தோலைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு தடவைப் பயிற்சியில் இரண்டு முறைக்கு மேல் ஷாக் விழ விடாதீர்கள். முதல் கட்டத்தை ஒழுங்காக முடித்த நாய்க்கு மொத்தமாகவே விரல் விட்டு எண்ணுமளவுதான் விழும்.

இந்த நாட்களில் எல்லைக்கு வெளியே நின்று நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது துரோகம். அது நீங்கள் கூப்பிட்டதற்குக் கீழ்ப்படிந்து வந்ததற்காகத் தண்டனை வாங்கும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது.

மூன்றாம் கட்டம்: ஆசை காட்டுதல்

பத்தாம் நாளுக்குப் பிறகு, கயிறு 5 மீட்டராக. வெளியே முதலில் வீட்டு ஆள் ஒருவர் பேசாமல் தூரத்தில் நடக்கட்டும். அது சரியானால் பந்து உருளட்டும். கடைசியாகத்தான் கயிற்றில் கட்டிய இன்னொரு நாய். ஒவ்வொன்றும் முதலில் எல்லையிலிருந்து வெகு தூரத்தில், பிறகு படிப்படியாகப் பக்கத்தில். நாய் உறைந்துபோய், வாயை மூடி, வெறித்துப் பார்த்தால் அடுத்து பாயப்போகிறது. பீப் வருவதற்கு முன்பே திருப்பிக் கூட்டி வாருங்கள். வெளியே ஆள் வந்தால் உள்ளே தீனி விழும் என்ற கணக்கு நாயின் தலையில் ஏற வேண்டும். தவறினால் மேலே சொன்ன ஆள்வெறுப்பு இங்கேதான் முளைக்கும்.

நான்காம் கட்டம்: கயிற்றை விடுதல்

கயிறு கழுத்திலேயே தரையில் இழுபடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதலில் கால் மணி நேரம், பிறகு அரை மணி, ஒரு மணி. சில நாள் பிரச்சினை இல்லையென்றால் கயிற்றைக் கழற்றலாம், கண்ணை எடுக்கக் கூடாது. கொடிகளை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து, நான்கு நாள் விட்டு, மிச்சத்தில் மறுபடி ஒன்றுவிட்டு ஒன்று. எல்லாம் எடுத்து முடிக்க ஒரு மாதம் தாண்டினாலும் பரவாயில்லை. மூலைக் கொடிகள் கடைசியில் போகட்டும்.

நடைக்குக் கூட்டிப்போக எல்லையைக் கடந்தாக வேண்டுமே? தினமும் ஒரே இடம், ஒரே சடங்கு: வீட்டுக்குள்ளேயே காலரைக் கழற்றி மேசையில் வைத்து, கயிற்றைக் கட்டி, அந்த ஓர் இடம் வழியாக மட்டும், "போலாம்" என்று ஒரு சொல் சொல்லிக் கடப்பது. சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது, பெரியதை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். சொல்லும் கயிறும் இல்லாமல் அங்கே கடக்கக் கூடாது என்று நாய்க்குப் புரிய ஓரிரு வாரம் ஆகும். அதுவரை தயங்கி நிற்கும், இழுக்காதீர்கள்.

கோளாறுகள்

நாய் தாண்டி ஓடுகிறது. உடனே ஷாக்கைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். பார்க்க வேண்டிய வரிசை வேறு: பேட்டரி, காலர் இறுக்கம், அந்த இடத்தில் சிக்னல் அகலம், பிறகு முதல் கட்டப் பயிற்சி. ஷாக் அளவு கடைசி.

படியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நாய்க்கு முற்றம் முழுவதுமே ஷாக் அடிக்கும் இடமாகிவிட்டது. காலரைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் முற்றத்தில் வைத்தே சாப்பாடு போடுங்கள், தட்டை நாளுக்குச் சில அடி நடுவை நோக்கி நகர்த்துங்கள். பயம் தெளிந்தபின் பீப் மட்டும் வைத்து முதல் கட்டத்திலிருந்து.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. பலநேரம் இது பேட்டரிக் குறை அல்ல. பீப் அடிக்கும் இடத்திலேயே நாய் படுத்துக்கொண்டு சத்தத்தைச் சட்டைசெய்யாமல் தூங்குகிறது; சில நாய்கள் பேட்டரி தீர்ந்து பீப் நின்றதும் தாண்டலாம் என்பதுவரை கணக்குப் போட்டுவிடும். பீப் வரும் இடத்தில் சில நொடிக்கு மேல் நின்றால் ஷாக் வரும்படி அமைக்கும் வசதி கருவியில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் பீப் பகுதியைக் குறுக்குங்கள். கூடவே இரண்டு நாள் முதல் கட்டம்.

வீட்டுக்குள் காலர் கத்துகிறது. முறுக்கு தளர்ந்த இடம், இணையாக ஓடும் கேபிள், அல்லது சுவருக்கு மிக அருகே போன வளையம். அகலத்தைக் குறைப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டரில் ஒயர் அறுந்த எச்சரிக்கை மணி. முதலில் வளையத்தைக் கழற்றி, ஐந்து மீட்டர் துண்டு ஒயரை இரண்டு முனையிலும் மாட்டிப் பாருங்கள். மணி நின்றால் கருவி நலம், கோளாறு மண்ணில். ஜாயிண்ட்களையும், சமீபத்தில் செடி வைத்த, குழி தோண்டிய இடங்களையும் பாருங்கள். கிடைக்கவில்லையா? வளையத்தை நடுவில், முடிந்தால் பழைய ஜாயிண்ட் ஒன்றில், பிரித்துக்கொள்ளுங்கள். கருவியின் ஒரு முனையில் வளையத்தின் முதல் பாதி அப்படியே இருக்கட்டும். மறுமுனையிலிருந்து அந்த நடு இடத்துக்குத் தரைமேலேயே தற்காலிக ஒயர் ஒன்றை ஓட்டுங்கள். மணி நின்றால் முதல் பாதி நலம், அறுந்தது இரண்டாம் பாதி. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நான்கைந்து தடவையில் சில மீட்டருக்குள் வந்துவிடும். அப்புறம் தோண்டிப் பார்க்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் கன்டினியூட்டியில் (ஒயர் அறாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து இதையே சீக்கிரம் முடிக்கலாம்.

ஒரு மாதம் ஊரில் இல்லாமல் திரும்பினால், நாய்க்கு நினைவிருக்கும் என்று விடாதீர்கள். கொடி நட்டு, கயிறு கட்டி, பீப் மட்டும் வைத்து இரண்டு நாள். மாதம் ஒருமுறை சோதனை விளக்கோடு எல்லையைச் சுற்றி வாருங்கள்.

என்ன செய்தும் ஒருநாள் நாய் வெளியே போய்விடும். அது எல்லைக்கு அப்பால் நின்று உங்களைப் பார்க்கும்போது கூப்பிட்டுவிடாதீர்கள். வரும் வழியிலும் அதே ஷாக் காத்திருக்கிறது. முதலில் வீட்டுக்குள் ஓடி டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள், அல்லது நீங்களே வெளியே போய்க் காலரைக் கழற்றுங்கள், அப்புறம் கூட்டி வாருங்கள்.